அசையாத தணிப்பான்கள்

நிலநடுக்கத்துக்கே நடுக்கம் கொடுத்த பெருமை இந்த உலகத்தில் ஒரே ஓர் அலுவலகத்துக்குத்தான் உண்டு. அது அதிர்வு ஒழிப்புத் துறையின் தலைமை அலுவலகம். அதன் எல்லா மாடிகளிலும் தூணுக்குத் தூண் குறுக்காக, எண்ணெய் நிரப்பிய உருளைகளைப் பொருத்தியிருந்தார்கள். பெயர் 'அதிர்வுத் தணிப்பான்'. பொருத்தியவர் கட்டடப் பொறியாளர். அவர் மனைவிக்கு அங்கேயே நான்காம் மாடியில், தட்டச்சுப் பிரிவில் வேலை. அதனால் மனுஷர் ஒவ்வொரு திருகையும் தன் கையாலேயே முறுக்கிப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

பலமாகக் காற்றடித்த ஒரு நாள், இயக்குநர் அந்த மகா குற்றத்தைக் கண்டுபிடித்தார். உருளையின் தண்டு நூலளவு உள்ளே போய் வெளியே வந்தது.

"என்னய்யா இது, ஆடுது?"

"ஆடணும் சார். கட்டடம் குலுங்கும்போது தண்டு உள்ள போயிட்டு வரும். அந்த வேகத்தை எண்ணெய் வாங்கிக்கும். உங்க அறைக் கதவு பட்டுனு அறையாம இருக்க மேல ஒண்ணு மாட்டியிருக்கோமே, அதே கதைதான்."

"அந்தக் கதவா? ஆமை மாதிரி மூடுது. முதல்ல மேல மாட்டினதைக் கழட்டுங்க! ஆட்டத்தை நிறுத்த வாங்கின சாமானே ஆடினா, வேலியே பயிரை மேயற மாதிரி இல்ல?"

கூட்டம் கூடியது. தணிப்பான்களின் 'ஒழுங்கீனம்' பற்றி ஆழ்ந்து விவாதித்தார்கள்.

"அலுவலகச் சொத்து அனுமதி இல்லாம அசையறது விதிமீறல்" என்றார் நிர்வாக அதிகாரி, கண் கலங்க.

தண்டுகளை எல்லாம் அசைய முடியாதபடி உருளையோடு பற்றவைத்து 'நிலைப்படுத்துவது' என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஏகமனதுக்கு ஒரு தலைதான் பாக்கி.

"நம்ம பொறியாளர் என்ன சொல்றார்? அடுத்த மாசம் தலைமைப் பொறியாளர் ஆகப் போறவராச்சே!" என்றார் இயக்குநர்.

பொறியாளருக்கு உண்மை தொண்டைவரை வந்தது. நான்காம் மாடி ஞாபகம் வந்தது. தலைமைப் பொறியாளரின் சுழல் நாற்காலியும் கூடவே ஞாபகம் வந்து தொலைத்தது. தலை மேலும் கீழும் போய் வந்தது.

வீட்டில் மனைவி கேட்டாள்.

"அந்தக் கம்பியெல்லாம் ஏங்க ஒட்டிட்டாங்க? ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே! நான் இருக்கேன்ல?" என்றார்.

அடுத்த மாதம் அவர் நாற்காலியில் அமர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள், கூட்டத்தின் தீர்மானம் கிடைக்கப் பெறாத பூமி குலுங்கியது. சுவர்கள் பிளந்தன. கூரைப் பூச்சு கொட்டியது. முதலில் வெளியே பாய்ந்த இயக்குநரின் விரல்களில், சுதந்திரம் பெற்ற அறைக் கதவு பட்டென்று அறைந்தது.

நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. தலையெல்லாம் சுண்ணாம்பும், ஒடிந்து தொங்கும் கையுமாக மனைவி இறங்கி வந்தாள். பொறியாளர் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதார்.

வாசலில் இயக்குநர், கைக்குட்டை சுற்றிய விரலை உயர்த்தி முழங்கினார்.

"சுவர் அசைஞ்சுது, தரை அசைஞ்சுது. நம்ம தணிப்பான் ஒண்ணாவது அசைஞ்சுதா? இந்தச் சாதனையில தலைமைப் பொறியாளருக்கும் பங்கு உண்டு. என்ன சார், சரிதானே?"

பழக்க தோஷம். பொறியாளரின் தலை ஆடக் கிளம்பியது. மனைவி நல்ல கையால் அவர் முகவாயைப் பிடித்து நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் பத்தவெச்சீங்களே சார், இந்தக் கழுத்தை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? அன்னிக்கே இதைப் பத்தவெச்சிருந்தா என் கை தப்பிச்சிருக்கும்."