இராஜநாயகத்தின் கம்பியூட்டரும் மாதாவின் பீடமும்

ஐம்பத்தாறாவது வயதில் இராஜநாயகம் ஒரு பெரிய முடிவு எடுத்தார். மனைவி செலஸ்ரீனாவிடம் பொய் சொல்வது. இருபத்தொன்பது வருடத் திருமண வாழ்க்கையில் இது மூன்றாவது பொய். முதல் இரண்டும் சொன்ன அன்றே பிடிபட்டவை. ஆகவே இந்த முறை இரண்டு நாள் யோசித்துத் திட்டம் போட்டார்.

காரணம் ஒரு கம்பியூட்டர். இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தாத் தெருவில் அவர் வீட்டுவேலை செய்யும் வீட்டின் எசமானி சிஞ்ஞோரா, நிலவறையைத் துப்புரவாக்கித் தரச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பதினொரு பெட்டிகளை நகர்த்திய பிறகு அது கண்ணில் பட்டது. பால்தேநீர் நிறம். விசைகளும் உடம்பும் ஒன்றாய்ச் சேர்ந்த தடித்த பெட்டி. வலப்பக்க ஓரத்தில் நாலு நிறத்தில் நாலு கோடு. இராஜநாயகம் தூசியைத் துடைத்து விசைகளை எண்ணினார். அறுபத்தாறு. ஒன்றும் குறையவில்லை. சந்தோசம் தாங்காமல் இன்னொரு முறை எண்ணினார். அப்போதும் அறுபத்தாறுதான்.

இதே மாதிரிப் பெட்டியைப் பதினாறு வயதில், யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்பொன்றில் அவர் தொட்டிருக்கிறார். மாணவர் இருபத்துமூன்று பேர், கம்பியூட்டர் ஒன்று, ஆளுக்குக் கிழமையில் நாலு நிமிடம். தன் பெயரால் திரை முழுவதையும் நிரப்ப இரண்டு வரிக் கட்டளை போதும். ஆனால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவதிலேயே நாலு நிமிடமும் ஓடிவிடும். கடைசி விசையை அழுத்த விரலைத் தூக்கும்போது மாஸ்ரர் தோளில் தட்டுவார். இப்படி ஏழு கிழமை. எட்டாம் கிழமை வகுப்பையே மூடிவிட்டார்கள். அந்த ஒரு விசையை அழுத்தாமலே இராஜநாயகம் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்து, வேலை செய்து, தலை நரைத்தும்விட்டார்.

விருப்பமென்றால் எடுத்துக்கொள், வெள்ளிக்கிழமை குப்பை லொறி வருகிறது என்றார் சிஞ்ஞோரா.

சிக்கல் இரண்டு. அந்தக் கம்பியூட்டருக்குத் திரை கிடையாது. பழைய காலத்துப் பெட்டித் தொலைக்காட்சியில் பூட்டினால்தான் வேலை செய்யும். வீட்டிலிருப்பது சுவரில் ஒட்டிய அப்பளம். அதன் முதுகில் கம்பியூட்டரின் தடித்த இணைப்பைச் செருக இடமே இல்லை. நல்ல காலம், நிலவறை மூலையில் பெட்டித் தொலைக்காட்சியும் ஒன்று கிடந்தது. முப்பத்தொரு கிலோ.

இரண்டாவது சிக்கல் செலஸ்ரீனா. நகரின் சீசாப் பகுதியில் அவர்களுடைய வீடு இரண்டே அறை. ஒரு சாமான் உள்ளே வந்தால் இரண்டு சாமான் வெளியே போகவேண்டும் என்பது அவளுடைய சட்டம். போன வருடம் அவர் ஒரு பழைய ரேடியோ கொண்டுவந்தார். வெளியே போனவை அந்த ரேடியோவும் அவருடைய சாய்வுக்கதிரையும்.

அப்போது மாதாவே வழிகாட்டினார். ஒக்ரோபர் ஜெபமாலை மாதம். கோவிலிலுள்ள மாதா சிலை, அந்தச் சுரூபம், வீட்டுக்கு ஒரு கிழமையாகத் தமிழ்க் குடும்பங்களிடம் போய்வரும். வருகிற ஞாயிறு இவர்களுடைய முறை. சுரூபம் வைக்க நல்ல பீடமில்லை என்று செலஸ்ரீனா அந்தரப்பட்டுக்கொண்டிருந்தாள். புதன்கிழமை இராஜநாயகம் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சேரும், சிஞ்ஞோரா வீட்டிலை ஒரு பீடம் சும்மா கிடக்கு."

"மரமோ?"

"கொஞ்சம் மரம்."

"மிச்சம்?"

"மிச்சம் அந்தக் காலத்துச் சாமான். இப்ப அப்பிடிச் செய்யிறேல்லை."

செலஸ்ரீனா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, சரி, கொண்டு வாங்கோ, அசையாமல் நிண்டால் காணும் என்றாள்.

வியாழக்கிழமை தொலைக்காட்சி வெள்ளைத் துணி சுற்றி வந்தது. லிப்ற் இல்லாத நாலாம் மாடி. எழுபத்தாறு படி. மறுபக்கம் பிடித்த கீழ்வீட்டு அன்ரனி, பீடத்துக்கு ஏன் அண்ணை வயர் என்று கேட்டான். லைற் பூட்டுற பீடம் என்றார் இராஜநாயகம். அது நாலாவது பொய். மனைவியிடம் சொல்லாததால் கணக்கில் சேர்க்கவில்லை. கம்பியூட்டரைச் சிஞ்ஞோராவின் சமையலறை அலுமாரியில் பத்திரப்படுத்தினார். மாதா அடுத்த வீட்டுக்குப் போனதும் துணியை எடுத்து உண்மையைச் சொல்லலாம். உள்ளே வந்து ஒரு கிழமை இருந்த சாமானை யார் வெளியே தள்ளுவது?

ஞாயிறன்று மாதா வந்து பீடத்தில் ஏறினார். அந்தக் கிழமை முழுவதும் இராஜநாயகத்துக்கு நிலத்தில் கால் பாவவில்லை. ஜெபமாலை சொல்லும்போது ஒரு கை மணியை உருட்டியது. மற்றக் கை தொடையில் இரண்டு வரிக் கட்டளையைத் தட்டிப் பழகியது. செபிக்க வந்த பதினான்கு குடும்பங்களும் பீடத்தைப் புகழ்ந்தன. இவ்வளவு கனத்தைச் சுமந்தது நேர்த்திக்கடனோ என்று கிளறா அக்கா கேட்டார். கூச்சத்தில் இராஜநாயகம் நிலத்தைப் பார்த்தார். செலஸ்ரீனா அவருக்காகப் பதில் சொன்னாள். ஓம், நேர்த்திதான்.

மறு ஞாயிற்றுக்கிழமை மாதா அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டார். வாசல்வரை வழியனுப்பிவிட்டு இராஜநாயகம் துள்ளிக்கொண்டு திரும்பினார். செலஸ்ரீனா அவருக்கு முன்னே நின்றாள். கையில் புத்தம்புது மாதா சுரூபம். அதைத் துணிக்கு மேலே நட்டநடுவில் வைத்து, அசைகிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"இஞ்சேரும்," என்றார் இராஜநாயகம். "அது பீடமில்லை. ரீவி."

"தெரியும். பத்திரமா வந்து சேர்ந்ததோ எண்டு சிஞ்ஞோரா வியாழக்கிழமையே போன் எடுத்தவ."

"தெரிஞ்சுமோ பேசாமல் இருந்தனீர்?"

"ரெண்டு வருசமா ஒரு பீடம் வேணும் எண்டு கேக்கிறன். முழங்கால் நோகுது, படி ஏறேலாது எண்டு சாட்டுச் சொன்னியள். இப்ப எழுபத்தாறு படியும் சிரிச்சுக்கொண்டு ஏறினியளே. அதை ஏன் குழப்புவான்?"

இராஜநாயகம் சுரூபத்தைப் பார்த்தார். இறக்கிவைக்கலாம்தான். ஆனால் நேர்த்திக்குச் சுமந்த பீடத்தில் படம் காட்டுகிறான் என்று பதினான்கு குடும்பமும் கதைக்கும். அந்த நினைப்பிலேயே காது சுட்டது.

"அப்ப அந்தக் கம்பியூட்டர்?"

"அதையும் சிஞ்ஞோரா சொன்னவ. நல்ல நிறமாம். அகலமும் அளவாம். நாளைக்கே கொண்டு வாங்கோவன்."

இராஜநாயகத்தின் நெஞ்சு துள்ளியது. விரல்கள் தாமாகவே நிமிர்ந்தன.

"உண்மையாவோ? கொண்டு வரட்டே?"

"ஓம். மாதாவுக்கு முன்னாலை மெழுகுதிரி வைக்க ஒரு படி குறையுது."