1987இல் பிறக்கவிருக்கும் பேரன்

கே.கே. நகர், திருச்சி
நவம்பர் 18

மரியே வாழ்க.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை டோனி அவர்களுக்கு, மாமனார் ஸ்தனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அத்தை ரோசரியும் நேற்று முற்பகல் பதினொன்றரை மணி வரை நலம். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாததால் விவரம் தெரியவில்லை. அங்கு ஒஹையோ குளிரில் உங்கள் நலத்துக்கும், ஏழாம் மாதத்தில் இருக்கும் எங்கள் மகள் ஷெர்லின் நலத்துக்கும் தினமும் ஒரு ஜெபமாலை சொல்லி வருகிறோம். நேற்றிலிருந்து தனித்தனியாகச் சொல்கிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் போன் ஸ்பீக்கரில்தான் பேசும். உங்களிடம் நான் ஒரு வார்த்தை ரகசியமாகச் சொன்னால் அது அத்தைக்கும் கேட்கும், அங்கே ஷெர்லினுக்கும் கேட்கும், பக்கத்து வீட்டு சுராயாவுக்கும் கேட்கும். வாட்ஸப்பிலோ என் போனை என் மனைவி பார்ப்பாள், உங்கள் போனை என் மகள் பார்ப்பாள். அதனால்தான் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். விஷயம் இதுதான். பேறுகாலத்துக்கு அத்தை அங்கே வருவதற்காக இம்மாதம் 26ஆம் தேதி சென்னையில் வைத்திருக்கும் விசா நேர்காணலை மே மாதத்துக்குத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். பிரசவத்துக்கு உங்கள் அம்மா வந்து இருக்கட்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்றவள்தான் கூட இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அத்தை இன்னும் தயாராகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை ஆதியோடு அந்தமாகச் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

ஜூன் மாதம் இங்கு வந்திருந்தபோது நீங்கள்தான் அந்தத் தடிமனான படப் புத்தகத்தைக் கொடுத்தீர்கள், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா. "மாமா, நீங்க ஹிஸ்டரி சார், இதை வெச்சு அத்தைக்கு பாஸ்ட் டென்ஸ் சொல்லிக் குடுங்க, இங்கிலீஷும் வந்துடும், ஊரும் தெரிஞ்சுடும்" என்றீர்கள். நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் யாரிடம் கொடுக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். முப்பத்துநாலு வருஷம் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தவன் நான். ஒரு வருஷம்கூடப் போர்ஷன் முடிக்காமல் விட்டதில்லை, ஒரு பாடத்தையும் தாண்டிப் போனதில்லை. ஜூலை முதல் வாரம் 1901இல் தொடங்கினேன். இரண்டு சைக்கிள் கடைக்காரர்கள் விமானம் ஓட்டிய வருஷம் வந்தது, ஃப்ளை, ஃப்ளூ, ஃப்ளோன் என்று போர்டில் எழுதினேன். அத்தை, நான் ஏறப்போற பிளேனுக்கு என்ன சொல்லணும், அதைச் சொல்லுங்க என்றாள். வரிசையாக வரும் என்றேன். முதல் உலகப் போர் மூன்று வாரம் பிடித்தது. போருக்குக் காரணங்கள், உடனடிக் காரணம், விளைவுகள் என்று இல்லாமல் எப்படி நடத்துவது? பெண்களுக்கு வாக்குரிமை வந்த 1920 அன்று மட்டும் அத்தைக்கு உற்சாகம் வந்தது, ஆனால் அன்று மத்தியானம் என்ன குழம்பு என்பதையும் வாக்கெடுப்புக்கு விட்டுவிட்டாள். சுராயாவும் எதிர்வீட்டுத் துறையூர் பொன்னுத்தாயும் அதற்குள் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் எனக்குச் சுண்டைக்காய் வத்தக்குழம்பு கிடைத்தது.

வீட்டில் வகுப்பு நடத்தினால் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அமெரிக்கா அப்படியே நின்றுவிடுகிறது என்று செப்டம்பரில் ஸ்ரீரங்கத்துக்கு மாற்றினேன். என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ரங்கநாதன் வீட்டு மாடி காலியாக இருந்தது. அவர் மனைவி, மகன் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதத்துக்கு என்று பெங்களூர் போனார். போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கே.கே. நகரிலிருந்து சத்திரம் பஸ் நிலையம், அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் என்று நாங்கள் நாலு பேரும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தோம். அக்டோபர் மூன்றாவது வாரம் 1955 வந்தது, சனியனும் வந்தது. அலபாமா மாநிலத்தில் ஒரு தையல்வேலை செய்யும் பெண்மணி பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்க மறுத்ததையும், அதற்காக அந்த ஊர்க் கறுப்பின மக்கள் முந்நூற்று எண்பத்தொரு நாள் பஸ் ஏறாமல் நடந்ததையும் நான் கொஞ்சம் உணர்ச்சியோடு நடத்திவிட்டேன். வாக், வாக்டு என்று மூன்று பேரும் கண் கலங்கிச் சொன்னார்கள். மறுநாளே சத்திரத்தில் ஒரு கண்டக்டர், முருங்கைக்காய்ப் பையோடு உட்கார்ந்திருந்த பொன்னுத்தாயைப் பார்த்து, ஓசி டிக்கெட்டுக்கு ஜன்னல் சீட் வேறயா, எழுந்து பின்னாடி போங்க என்று சொல்லிவிட்டார். போதாதா? மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்தே வருவார்களாம். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அலபாமாவில் டிக்கெட் வாங்கிய ஜனங்கள் ஏறாமல் இருந்தார்கள், அதனால் கம்பெனிக்கு நஷ்டம், உங்களுக்கு மகளிர் இலவசப் பயணம், நீங்கள் ஏறாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். அத்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "சரித்திரம் நடத்துறவங்க இப்படிப் பேசலாமா?" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. காசு கொடுத்து ஏறியவன் நான் ஒருவன்தான், நான் மட்டும் போனேன்.

அன்றிலிருந்து நாலு வாரமாக இதே கதை. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோ, போகும்போது நடை. நான் பத்து மணிக்கு மாடியில் இருப்பேன், வீராங்கனைகள் பதினொன்றுக்கு வருவார்கள். அந்த ஒரு மணி நேரமும் ரங்கநாதன் என்னைச் சும்மா விடுவதில்லை. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற மனிதர், பேச்சுத்துணைக்கு என்று அடுக்களைக்குக் கூப்பிட்டு, கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டார். பாலைக் காய்ச்சு, டிகாஷன் இறக்கு, அரிசியை மூன்று தண்ணீர் கழுவு, புளியைக் கரை என்று ஒரே அதிகாரம். "சார் வேக வெச்ச பருப்பைப் பார்த்தாலே தெரியறதே, முதல் உலகப் போர் மாதிரி மூணு வாரம் ஆகும் போலிருக்கே" என்று கிண்டல் வேறு. நானும் நட்புக்காகப் பொறுத்துக்கொண்டேன். முந்தாநாள் நான் வைத்த ரசத்தை அந்த மனிதர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அது வேறு விஷயம். வகுப்பில் பாதி நேரம் போனதால் 1955ஐ விட்டு எங்களால் நகரவே முடியவில்லை. நாலு வாரமாக அதே வருஷத்தில் நிற்கிறோம்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பதினொன்றே காலுக்கு நான் 1956ஐத் தொடங்கப் போனேன். கதவோரம் நின்ற ரங்கநாதன் சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கினார். பத்தொன்பது வாரத்தில் ஐம்பத்தைந்து வருஷம், ஒரு வாரத்துக்கு மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவு, பிரசவத்துக்கு இன்னும் பதினோரு வாரம் என்று போர்டில் போட்டார். கடைசி விடையை வட்டமிட்டார். "இந்த வேகத்துல போனா உங்க பேரன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழுல பொறப்பான் சார்" என்றார். பொன்னுத்தாய் சிரித்தது. சுராயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, விசா ஆபீஸில் தமிழிலேயே கேள்வி கேட்பார்கள் என்று செப்டம்பரிலேயே சாரிடம் சொன்னேனே, உங்களிடம் சொல்லவில்லையா என்று ரோசரியைக் கேட்டார். நான் சொல்லவில்லைதான். மறந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை நோட்டை மூடினாள்.

"என்னை அனுப்ப இஷ்டம் இல்லைன்னா அதைத் தமிழ்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதுக்கு எதுக்குங்க இத்தனை அமெரிக்கா?"

அதுதான் கடைசியாகப் பேசியது. மணி பதினொன்றரை.

மாப்பிள்ளை, நீங்கள் என் மகனைப் போல. உங்களிடம் மறைப்பானேன்? நான் மெதுவாக நடத்தியது போர்ஷனுக்காக மட்டும் அல்ல. ரங்கநாதன் வீட்டு ஹாலில் இரண்டு நாற்காலி இருக்கிறது, ஒன்றில் இரண்டு வருஷமாகப் பேப்பர் அடுக்கிக் கிடக்கிறது. முதல் நாள் போனபோதே அது என் கண்ணில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போவதற்கு இடமில்லை, காலண்டரைக் கிழிக்கவே கை வரமாட்டேன் என்கிறது. முப்பத்தாறு வருஷத்தில் உங்கள் அத்தை சேர்ந்தாற்போல ஒரு வாரம் என்னை விட்டு இருந்ததில்லை. பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்தவள் ஆறு மாதத்தில் திரும்புவாள் என்று யார் சொல்ல முடியும்? எனக்குப் பயமாக இருக்கிறது. சாப்பாட்டுக்காக அல்ல, அதற்கும்தான். ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன், மே மாதத்துக்கு மாற்றுங்கள். நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம், ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் தோத்திரம் சொல்லவும். ஷெர்லினைப் படி ஏறாமல் இருக்கச் சொல்லவும். ஆரோக்கிய மாதா உங்கள் மூவரையும், அதாவது இரண்டரைப் பேரையும், தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
அ. ஸ்தனிஸ்லாஸ்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளவும்.

கடிதத்தை ஒட்டப் பசை தேடினேன். இந்த வீட்டில் பசை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை. அத்தையின் வகுப்புப் பையைத் துழாவினேன். அவள் நோட்டில் 1955 என்று தலைப்புப் போட்ட பக்கத்தில், கிளிப் போட்டு ஒரு கற்றை பஸ் டிக்கெட் இருந்தது. மகளிர் இலவசப் பயண டிக்கெட். எல்லாம் சத்திரத்தில் ஏறியது, எல்லாவற்றிலும் தேதி. புறக்கணிப்பு தொடங்கிய மறுநாளிலிருந்து நேற்று வரை ஒரு வகுப்பு நாள் விடாமல் பத்தொன்பது டிக்கெட். எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் போய் நின்றேன். அத்தை திரும்பிப் பார்த்தாள், அப்புறம் சொன்னாள். முதல் நாள் மட்டும்தான் நடந்தார்களாம், பாலத்திலேயே பொன்னுத்தாய்க்குக் கால் வீங்கிவிட்டது. மறுநாள் அந்தக் கண்டக்டரே மன்னிப்புக் கேட்டு ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தாராம். எனக்கு அடுத்த பஸ்ஸில் வந்து, அம்மா மண்டபத்தில் இறங்கி, காவிரிப் படித்துறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். மகன் ஜைத் வீட்டுக்குக் கனடா போய் வந்த சுராயா விசா ஆபீசராகக் கேள்வி கேட்க, அத்தை இங்கிலீஷிலேயே பதில் சொல்லி எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். நான் 1955ஐத் தாண்டவில்லை.

எதற்கு இந்த நாடகம், முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அன்னிக்கே ரங்கநாதன் சார் போன் பண்ணாருங்க. நாங்க வர்றதுக்குள்ள நீங்க பால் காய்ச்சக் கத்துக்கிட்டீங்கன்னாரு. தினம் ஒரு மணி நேரம் லேட்டா வாங்க, நான் ஆளைத் தேத்தி விடறேன்னாரு. நீங்க இங்க பசியோட உக்காந்திருப்பீங்கன்னு தெரிஞ்சா, அங்க புள்ளையத் தூக்க எனக்கு எப்படிக் கை வரும்?"

அவளை ஹாலில் உட்காரச் சொல்லிவிட்டு நானே காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுக்கக் குடித்தாள். டிகாஷன் கொஞ்சம் தூக்கல் என்றாள்.

ஆகவே தேதியை மாற்ற வேண்டாம். எப்படியும் இந்தக் கடிதம் அங்கே வர பத்து நாளாவது ஆகும் என்று போஸ்ட் ஆபீஸில் சொல்கிறார்கள், அதற்குள் நேர்காணல் முடிந்திருக்கும். எழுதியதைக் கிழித்துப்போட மனமில்லாமல் அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். அத்தைக்கு டிக்கெட் போடும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள். ரங்கநாதன் வீட்டம்மாவுக்கு ஒரு வழிக்குத்தான் போட்டிருந்தார்களாம்.