வேண்டிக்கொண்டது நீ, ஏறுவது நானா?

கோச்சடை, மதுரை
ஆடி 31

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்த மைத்துனர் திரு. அழகுபாண்டி அவர்களுக்கு, உன் அக்காள் புருஷன் முத்திருளன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அக்கா முத்துத்தாயும், கல்யாணப் பெண்ணான எங்கள் மகள் சரண்யாதேவியும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். கல்லுப்பட்டியில் நீயும் தங்கச்சி முனீஸ்வரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ மலையே ஏறி இறங்கியவன், உனக்கென்ன குறை?

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. பதினோரு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் என்னைப் பிளாக் செய்துவிட்டாய் என்று சரண்யா சொன்னாள். அதனால்தான் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். திருப்பி அனுப்பினால் மறுபடியும் அனுப்புவேன். போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்திரண்டு வருஷம் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

முதலில் ஒன்று கேட்கிறேன், நிதானமாகப் பதில் சொல். ஊரில் வேண்டிக்கொள்கிறவன் எல்லாம் என்ன வேண்டுகிறான்? என் தலையை மொட்டை போடுகிறேன் சாமி என்கிறான், நான் அலகு குத்துகிறேன் என்கிறான். தன் தலை, தன் நாக்கு. நீ என்ன செய்தாய்? சரண்யாவுக்கு வரன் அமைந்தால் "எங்க மச்சானைச் சதுரகிரிக்கு நடத்தியே கூட்டிட்டு வாரேன்" என்று வேண்டிக்கொண்டாய். என் முழங்காலை அடகு வைக்க உனக்கு யாரய்யா அதிகாரம் கொடுத்தது? ஒரு வார்த்தை கேட்டாயா? மாப்பிள்ளை சூரியபிரகாஷ் வீட்டில் பேசி முடித்துத் தட்டு மாற்றி, நான் கேசரியை வாயில் வைக்கிற நேரத்தில் வந்து, "மச்சான், ஆடி அமாவாசைக்கு ரெடியா இருங்க, வேனுக்குச் சொல்லிட்டேன்" என்றாயே, அந்தக் கேசரி இன்னும் எனக்குச் செரிக்கவில்லை மாப்ள.

சதுரகிரியை நான் குறை சொல்லவில்லை. பெரிய இடம், பெரிய சாமி. ஆனால் அடிவாரத்துத் தாணிப்பாறையில் கால் வைத்தால் மேலே போய்ச் சேர நாலு மணி நேரம், இறங்க மூணு மணி நேரம். நடுவில் வழுக்குப்பாறை என்று ஒன்று. பேரிலேயே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள்! எலும்பு டாக்டரோ எங்கள் வீட்டு மாடிப்படியையே ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் உன்னிடம் எடுத்துச் சொன்னால், "ஏற ஏற வலி போயிரும் மச்சான்" என்பாய். அதனால்தான், ஒப்புக்கொள்கிறேன், அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் உனக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். தப்புத்தான்.

ஆனால் உன் அக்கா விடுவாளா? "தம்பி சாமிகிட்டச் சொன்ன வாக்கு, சும்மா வீட்ல உக்காந்திருந்தா பிள்ளைக்கு ஆகாதுங்க" என்று பிடித்துக்கொண்டாள். நான் யோசித்து, "மலைதானே ஏறணும்? கீழக்குயில்குடியில சமண மலை இருக்கு. போனா அரை மணி நேரத்துல மேல. அதுவும் கல்லு, இதுவும் கல்லு" என்றேன். அவள் அரை மனதாகச் சம்மதித்தாள். அமாவாசையன்று வெயில் தாழ நாலு மணிக்கு ஸ்கூட்டரில் நாகமலை புதுக்கோட்டை வழியாகப் போய் இறங்கினோம். தாமரைக் குளம் நிறையப் பூ. ஆலமரத்தடியில் டீ குடித்தோம். அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுப் படியேறினால், அந்தச் சின்ன மலையிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற இடத்தில் ஒரு கல்லூரிப் பெண் வந்து "தாத்தா, கையக் கொடுங்க" என்றாள். அறுபத்தொரு வயது தாத்தா வயதா மாப்ள? கையைக் கொடுத்தேன், அது வேறு விஷயம்.

பாறையில் செதுக்கியிருந்த தீர்த்தங்கரரைப் பார்த்ததும் உன் அக்கா கைப்பையிலிருந்து தேங்காயையும் சூடத்தையும் எடுத்தாள். காவல்காரர் ஓடி வந்து, "அம்மா, இங்க சூடம் ஏத்தக்கூடாது, பழைய சிலை" என்றார். "வேண்டுதலு சாமி" என்றாள் இவள். "இவரு வேண்டுதல் கேக்குறவரு இல்லம்மா, எல்லாத்தையும் விட்டவரு" என்றார் அவர். உன் அக்கா சிலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "அப்பக் கோவத்தையும் விட்டிருப்பாரு. தப்பா எடுத்துக்க மாட்டாரு" என்று சொல்லித் தேங்காயைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். அந்தத் தேங்காயை மறுநாள் சட்னி அரைத்தோம்.

மேலே போய் உட்கார்ந்தோம். உன் மேல் கோபத்தில் எழுதுகிற கடிதத்தில் இதை எழுதக்கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். அம்புட்டு நல்லாயிருந்தது. ஒரு பக்கம் நாகமலை நீட்டிப் படுத்திருக்கிறது, கீழே வயல், தூரத்தில் ஊருக்கு நடுவில் கோபுரம். காற்று அப்படி வீசுகிறது. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் நானும் உன் அக்காவும் மூணாவது ஆள் இல்லாமல் உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டாள். 

அத்தோடு இறங்கி வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. உன் அக்கா போனை எடுத்து, குளமும் நாங்களும் தெரிகிற மாதிரி ஒரு படம் பிடித்து, "ஆடி அமாவாசை மலை தரிசனம்" என்று மூன்று ரோஜாப்பூவோடு ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். "அடியே, அழகுபாண்டி பாத்துருவான்டி!" என்று பதறினேன். "எனக்குத் தெரியாதா? தம்பிக்கு மட்டும் தெரியாதபடி வச்சிருக்கேன்" என்றாள். அப்புறம் சரண்யா போனை வாங்கிப் பார்த்துச் சொல்லித்தான் புரிந்தது. மறைக்கிற இடம் என்று நினைத்து இவள் உன் பேரைத் தொட்ட இடம், உனக்கு மட்டும் காட்டுகிற இடமாம். உலகத்தில் ஒருத்தரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை மாப்ள. நீ ஒருத்தன்தான் பார்த்தாய்.

பார்த்தவன் நேரே கேட்டிருக்கலாம் இல்லையா? தாணிப்பாறைக்கு இறங்கி வந்து போன் போட்டு, "காய்ச்சல் எப்படி இருக்கு மச்சான்?" என்று பாசமாகக் கேட்டாய். நானும் ஆலமரத்தடியில் நின்றுகொண்டு குரலை இறக்கி, இருமி, போர்வைக்குள் கிடக்கிறேன், கஞ்சிதான் குடித்தேன் என்று அஞ்சு நிமிஷம் சொன்னேன். பக்கத்தில் ஒருத்தர் "சூடா சுண்டல்" என்று கத்துகிறார், அது டிவி என்றேன். எல்லாவற்றையும் சொல்லவிட்டு, "காய்ச்சலுக்குத் தாமரைக் குளத்துக் காத்து நல்லதா மச்சான்?" என்று கேட்டாய் பார், அதற்குப் பதில் நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அதோடு விட்டாயா? வேன் நிறைய சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு, "சரண்யா கல்யாணத்துல தாய்மாமன் மாலையை நீங்களே எடுத்துக் குடுத்துக்கங்க, நான் வாரதா இல்ல" என்று சொல்லிவிட்டாய். இன்றோடு பன்னிரண்டு நாள். கல்யாணம் ஆவணி இருபத்தாறு. பத்திரிகை அடித்தாகிவிட்டது, தாய்மாமன் என்று உன் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மேடையில் "தாய்மாமன் எங்க?" என்று ஐயர் கேட்டால் நான் பத்திரிகையைத் தூக்கிக் காட்டவா? ஒரு பொய்க்கு இம்புட்டுத் தண்டனையா? என் மேல் கோபமென்றால் என்னைத் திட்டு, பிள்ளை என்ன செய்தது?

முடிவாகச் சொல்கிறேன். நான் ஏறியது மலைதான். உன் வேண்டுதல் முடிந்தது. சாமி கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். இனிமேல் யார் சொன்னாலும், யார் அழுதாலும், சதுரகிரிப் பக்கம் நான் தலை வைத்துப் படுக்க மாட்டேன். நீ மரியாதையாக மாலையோடு வந்து சேர்.

தங்கச்சி முனீஸ்வரிக்கு என் ஆசிகள். உனக்கும் உண்டு, நீ நடந்துகொள்வதைப் பொறுத்து.

இப்படிக்கு,
உன் நடத்தையால் மனம் நொந்த,
மச்சான் முத்திருளன்

பி.கு.: கவரில் போட்டு ஒட்டச் சொல்லிச் சரண்யாவிடம் கொடுத்தேன். ஒட்டாமல் முழுசும் படித்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அப்ப மாமா வரலைன்னா எனக்கு யாருப்பா மாலை எடுத்துக் குடுப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் வெளியே வரவில்லை. மேலே எழுதியதில் முடிவாகச் சொன்ன பகுதியை மட்டும் அடித்துவிட்டுப் படி. அடுத்த அமாவாசை கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முந்தி வருகிறது, காலண்டரில் பார்த்துவிட்டேன். வேனுக்குச் சொல்லிரு, நான் வாரேன். நீ முன்னால போ மாப்ள, நான் பின்னால வாரேன். கொஞ்சம் மெதுவா நட.