ஸ்கேலண்ணன் அளந்த அரிவாள்

இந்த நாட்டில் ஆயுதச் சட்டத்துக்கு உண்மையாக நடந்துகொண்ட ஒரே மனிதர் எங்கள் ஸ்கேலண்ணன்தான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். கூப்பிட்டால் கொஞ்சம் பயந்துகொண்டே வருவேன், அவ்வளவுதான்.

விருத்தாசலத்தில், பீங்கான் பிரிவு உள்ள ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். அதன் கேட்டில் அவர் பெரிய வாட்ச்மேன், நான் சின்ன வாட்ச்மேன். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குக் கல்லூரியில் வாசல் வரைக்கும்தான் கொடுத்துவைத்திருந்தது.

அவர் சட்டைப்பையில் ஓர் இரும்பு ஸ்கேல் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான கத்திக்கு லைசென்ஸ் வேண்டும் என்று ஒரு வக்கீல் சொன்னதிலிருந்து, அந்தச் சட்டப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். கல்லூரி விதி இன்னும் கடுமை. சின்னதோ பெரியதோ, ஆயுதம் உள்ளே வரக் கூடாது. வாயால் மிரட்டினாலும் குற்றம். இரண்டும் அவருக்கு மனப்பாடம். உள்ளே போகிற எல்லாரிடமும், "குடுக்கறதுக்கு எதனா இருக்குதா?" என்பார். இருந்தால் வாங்கி அளப்பார், நோட்டில் எழுதுவார், டோக்கன் கொடுப்பார்.

"அண்ணே, உங்க ஸ்கேலே பன்னெண்டு இஞ்சு இருக்குதே" என்றான் ஒரு மாணவன். மறுநாள் காலையில் முதல் டோக்கனைத் தனக்கே எழுதிக்கொண்டார்.

களிமண் அறுக்கும் கம்பியை, கழுத்துக்கும் ஆகும் என்று முதலாண்டு வகுப்பு மொத்தத்திடமும் பிடுங்கிவைத்தார். அன்று வகுப்பே நடக்கவில்லை. ஈட்டி எறியும் பையன் கொண்டுவந்த ஈட்டியை மூன்று முறை அளந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நீளம் வந்தது. ஒரு பேராசிரியரின் பிரிவுபசார விழாவுக்கு வந்த கேக்கோடு இருந்த பிளாஸ்டிக் கத்திக்குத் துணையாக மேடை வரை போய், கேக்கை வெட்டியதும் கத்தியைக் கையோடு வெளியே கூட்டிவந்தார். க்ரீம் ஒட்டியிருந்ததால் வழியெல்லாம் எறும்பு.

மிரட்டல் விஷயத்தில் மட்டும் நிதானம். எவனாவது கூட்டாளியைப் பார்த்து, "மச்சான், கொன்னுடுவேன்டா" என்று கத்தினால் கூப்பிட்டு நிறுத்துவார்.

"யாரை?"

"இவனத்தாண்ணே."

"எப்போ? எதால?"

பையன் வெறுங்கையை விரிப்பான். "அப்ப அது மிரட்டல் இல்ல, வாய்க்கொழுப்பு. போ."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. இதற்கு முன் அவர் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு நாள் படிக்கட்டிலிருந்த ரத்தத்தை அவர்தான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார் என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

செல்வி கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். திரும்பும் வழியில் மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும் என்று பையில் அரிவாள் வைத்திருப்பாள். தினமும் கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வாள். செய்முறைத் தேர்வு நாளன்று பஸ் தாமதம். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். ஓடிவந்தவள், "அண்ணே, அருவா இருக்குது, எழுதிக்கிங்க" என்றாள். அவள் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. "அப்புறமா வந்து குடும்மா, ஓடு ஓடு" என்று அனுப்பிவிட்டேன்.

உள்ளே ஒருவன், தினமும் அவளைச் சீண்டுகிறவன், அவள் வனைந்துகொண்டிருந்த ஜாடியை முழங்கையால் தள்ளி நசுக்கினான். "இன்னொருவாட்டி தொட்டுப் பாரு, கைய வெட்டிடுவேன்" என்று கத்தினாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த அரிவாள் பிடியை யாரோ போட்டோ எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அது எல்லார் போனிலும் இருந்தது. ஆயுதமும் மிரட்டலும் சேர்ந்தால் டிஸ்மிஸ், போலீஸ் புகார்.

கல்லூரி முதல்வர் அம்மா அறையில் செல்வி அழக்கூடச் செய்யாமல் நின்றாள். பக்கத்தில் அந்தப் பையன், கதவோரம் நாங்கள் இருவரும். மேஜைமேல் அரிவாள். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் அவள் படிப்பு போகும். வாய் திறக்கவில்லை.

"இது எப்படி உள்ள வந்துச்சு?" என்றார் முதல்வர்.

ஸ்கேலண்ணன் நோட்டைப் பார்த்தார். அவள் பெயருக்கு நேரே காலி. என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஒளிச்சுக் கொண்டாரலைங்க. தெனமும் குடுக்கற பொண்ணு. இன்னிக்கு வாங்கி வெக்காம விட்டது கேட்டு. அது என் கேட்டுங்க."

பிறகு ஸ்கேலை எடுத்தார். வளைந்த அரிவாளை நேரான ஸ்கேலால் அளக்க, அதை மேஜையில் அப்படியும் இப்படியும் திருப்பினார். எங்கே வைத்தாலும் ஒன்பதைத் தாண்டியது. முதல்வர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தாண்டுதுங்க. ஆனா விவசாயத்துக்குன்னே செஞ்சது லைசென்ஸ் கணக்குல வராதுன்னு இதுலயே போட்டிருக்குது" என்று லேமினேஷனை நீட்டினார். அப்புறம் அந்தப் பையனிடம் திரும்பினார். "தம்பி, பை எங்க இருந்துச்சு?"

"கதவாண்ட, அலமாரியில."

"அந்தப் பொண்ணு கையில என்னா இருந்துச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "களிமண்ணு."

"ரெண்டு கையிலயுமா?"

"ம்."

முதல்வர் அரிவாளை ஓரமாகத் தள்ளிவிட்டு முடிவைச் சொன்னார். செல்வி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், மறு தேர்வு உண்டு. அவனும் ஒரு கடிதம் எழுத வேண்டும். ஸ்கேலண்ணனுக்கு இனி கேட்டு வேலை இல்லை. ஆள் நடமாட்டமில்லாத பின்பக்கச் சூளைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். கேட்டு எனக்கு வந்தது.

அன்று சாயங்காலம் போய் நின்றேன். "அண்ணே, நாந்தான்..."

"தெரியும்டா. பயந்தாங்கொள்ளிதான் கேட்டுக்கு லாயக்கு. இந்தா" என்று ஸ்கேலைக் கையில் வைத்தார்.

இப்போது எல்லாரையும் நான்தான் கேட்கிறேன். தினமும் காலையில் எனக்கு முதல் டோக்கன். மத்தியானம் கொட்டகைக்கு டீ கொண்டுபோவேன். அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. இருந்தாலும் ஒரு ஸ்பூனையும் அந்த ஸ்கேலையும் சேர்த்தே எடுத்துப் போகிறேன். அளக்க அவருக்கு ஏதாவது வேண்டுமே.