நான் எக்ஸ்டர்னல் ஆன இருபது நிமிடம்

எனக்கு வழி தெரியாத இடங்களில்தான் நான் மிக உறுதியாக வழி சொல்வேன். பேருந்து நிலையத்தில் யாராவது என்னிடம் விசாரித்துவிட்டு நான் காட்டிய திசையில் நடக்கத் தொடங்கினால், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக அந்த இடத்தைக் காலி செய்துவிடுவேன். (திரும்பி வந்துவிட்டால்?) இப்படிப்பட்ட ஒருவனை நம்பி ஒரு காலத்தில் முப்பத்தாறு பிள்ளைகளின் எதிர்காலத்தை ஒப்படைத்தார்கள்.

ஏழு வருடங்களுக்கு முன்பு நடந்தது. விருதுநகரை அடுத்த ஆமத்தூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"ரிசல்ட் வர்றதுக்குள்ள இந்தப் பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம், எங்கன படிக்கலாம்னு எடுத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும் சார். நீங்கதான் சின்ன வயசு. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார்.

சின்ன வயசு என்பது உண்மை. எல்லாம் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயார் செய்தேன். கூட்டத்தில் பேசப் பிடிக்குமா, தனியாக உட்காரப் பிடிக்குமா, கோபம் வருமா என்றெல்லாம் கேட்டிருப்பேன். ஆமாம் என்றால் மூன்று, இல்லை என்றால் ஒன்று. கூட்டிப் பார்த்தால் அவரவருக்குரிய படிப்பு வந்துவிடும். ஆடு வளர்க்கும் வீட்டுப் பையன் கருப்பசாமிக்குக் கப்பல் மாலுமி என்று வந்தது. "சார், எங்க ஊர்க் கம்மாயிலயே தண்ணி கெடையாதே" என்றான். கனவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்து வந்தவள் மாரீஸ்வரி. ஒல்லியான பெண். அவள் அம்மா பேச்சியம்மாள் கம்பி மத்தாப்பு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கம்பிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகி, அதை மருந்துக் கலவைக்குள் முக்கி எடுக்கும் வேலை.

மாரீஸ்வரி தன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இம்புட்டு மார்க் வந்தா இன்ன படிப்புன்னு எப்படி வச்சீக?" என்று கேட்டாள்.

"எல்லாம் ஆராய்ச்சி பண்ணி வச்சதும்மா" என்றேன். (பேருந்தில் வரும்போது வைத்தது.)

"எனக்கு கெமிஸ்ட்ரி படிக்கணும்னு ஆசை சார்."

"அதுக்கு ரொம்பப் பொறுமை வேணும். நீ எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்குற. உனக்கு அது சரிப்படாது" என்று சொல்லி, பச்சை மையில் 'தட்டச்சு, அலுவலக நிர்வாகம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

படிவத்தோடு நிறுத்தியிருக்கலாம். கல்லூரி என்றால் என்ன என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மதுரைப் பக்கம் ஒரு பெரிய கல்லூரியில் தலைமையாசிரியை அனுமதி வாங்கித் தந்தார். காலை பத்து மணிக்கு முன்வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் கலையரங்கத்துக்கு வந்தால், அங்கே ஒருவர் படிப்புகளைப் பற்றி விளக்குவார் என்று கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. பேருந்து ஓட்டுநர் நிழல் தேடிப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். "கலையரங்கம் எங்கே?" என்று யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை, சொல்லும் பழக்கம்தான். "எல்லாரும் என் பின்னாடி வாங்க" என்றேன்.

எதிரே ஒரு கட்டடம். வாசலில் இரண்டு இளைஞர்கள் கையில் பூங்கொத்தோடு நின்றார்கள்.

"சார், விருதுநகர்ல இருந்தா?"

"ஆமா."

"உங்களுக்காகத்தான் சார் காத்துக்கிட்டிருக்கோம். அடடே, ஸ்டூடண்ட்ஸையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா! வாங்க சார், வாங்க!"

பூங்கொத்து என் கைக்கு வந்தது. மாடியில் குளிர்சாதனம் போட்ட ஒரு அறை. மேடையில் நாற்காலிகள். என்னை நடுவில் உட்காரவைத்து ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பள்ளிக்கூட ஆசிரியருக்கு இந்தக் கல்லூரியில் இவ்வளவு மரியாதையா என்று நான் பொன்னாடையை இன்னொரு முறை நீவிவிட்டுக்கொண்டேன். (என் கல்யாணத்தில்கூட எனக்கு இப்படி ஒரு நாற்காலி கிடைக்கவில்லை.)

நடந்தது இதுதான். அன்று அங்கே ஒரு வேதியியல் ஆய்வு மாணவருக்கு வாய்மொழித் தேர்வு. பல வருடம் ஆராய்ச்சி செய்து முடித்தவரை வெளியிலிருந்து வரும் ஒரு பேராசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்டு, தேறினால் டாக்டர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பார். அவரை எக்ஸ்டர்னல் என்பார்கள். அன்றைய எக்ஸ்டர்னல் டாக்டர் தங்கம். "தங்கம் விருதுநகர்ல இருந்து கிளம்பிட்டாங்க, மரியாதையா கூட்டிட்டுப் போய் உக்கார வைங்க" என்று அந்த மாணவரின் வழிகாட்டிப் பேராசிரியர் போனில் சொல்லியிருக்கிறார். பேரிலும் ஆணா பெண்ணா என்று தெரியாது, 'கிளம்பிட்டாங்க'விலும் தெரியாது. விருதுநகரிலிருந்து வந்து சேர்ந்தவன் நான்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர் என் முன்னால் வந்து வியர்த்துக்கொண்டு நின்றார் என்பதுதான். பெயர் சரவணன் என்றார். படிப்புகளைப் பற்றி விளக்கப் போகிறவர் இவர்தான் என்று முடிவு செய்தேன்.

"இங்க எத்தனை வருசம் படிக்கணும்?" என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஆறு வருசம் ஆச்சு சார்" என்றார், குனிந்த தலையோடு.

"ஆறா? மூணு வருசம்னுதான கேள்விப்பட்டேன்!"

"நடுவுல கருவி பழுதாயிடுச்சு சார்."

கருவி பழுதானால் படிப்பு நின்றுவிடுமா என்று நான் பிள்ளைகளைக் கவலையோடு பார்த்தேன். முன்வரிசையில் அவர் மனைவியும் மாமனாரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமனாரின் முகம் சரியில்லை.

"சரி, முடிச்சா வேலை கிடைக்குமா?"

சரவணன் மாமனாரை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதான் சார் எனக்கும் தெரியல" என்றார்.

"இப்படிச் சொன்னா எப்படி? இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை வர்ற மாதிரிச் சொல்லுங்க" என்று கடிந்துகொண்டேன். அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். வியர்வை என்றுதான் நினைத்தேன்.

அப்போது மூலையில் மேசைமேல் அடுக்கியிருந்த பெட்டிகள் என் கண்ணில் பட்டன. லட்டும் சமோசாவும் மிக்சரும் போட்டு, தேர்வு முடிந்ததும் விருந்தினர்களுக்குக் கொடுக்க சரவணன் வாங்கி வைத்தவை. "பிள்ளைங்க வெள்ளன கிளம்பி வந்திருக்காங்க. அதக் குடுத்துருங்க" என்றேன். எக்ஸ்டர்னல் சொன்னால் மறுபேச்சு உண்டா? ஐந்து நிமிடத்தில் முப்பத்தாறு பெட்டிகளும் காலி. கருப்பசாமி மட்டும் இன்னொன்று இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. வழிகாட்டிப் பேராசிரியரும், கூடவே நரைத்த தலையும் பருத்திப் புடவையுமாக ஒரு அம்மாளும் உள்ளே வந்தார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்தார், என் பொன்னாடையைப் பார்த்தார், பிள்ளைகளின் வாயைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

என்னால் ஒரே வார்த்தைதான் சொல்ல முடிந்தது. "இங்கிலீஷ்."

விளக்கம் சொல்லி முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பொன்னாடையை யாரும் கேட்கவில்லை. நானே கழற்றி, மடித்துக் கொடுத்தேன். பேராசிரியர் அதை வாங்கி, உதறி, அந்த அம்மாளுக்குப் போர்த்தினார். அவர்தான் டாக்டர் தங்கம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிள்ளைங்க இருக்கட்டும். எல்லார் முன்னாடியும் நடக்கிற தேர்வுதான. சாப்பிட்டும் ஆச்சு" என்றார். கடைசி வரிசையில் கதவோரம் ஒரு நாற்காலியில் நான் சுருங்கினேன்.

சரவணன் பேசத் தொடங்கினார். அவருடைய ஆராய்ச்சி கம்பி மத்தாப்பைப் பற்றியது. புகை குறைவாக வருவதற்கு ஒரு புதிய பசை. முழுக்க ஆங்கிலத்தில் பேசினார். ஆங்கிலம் என் பாடம். எனக்கு ஒரு வரி புரியவில்லை. திரையில் ஒரு வரைபடம் வந்தது. எட்டு மத்தாப்புகள் எவ்வளவு நேரம் எரிந்தன என்பதற்கு எட்டுப் புள்ளிகள். ஏழு ஒரே கோட்டில் நின்றன. எட்டாவது மட்டும் தனியாக வெகு உயரத்தில் கிடந்தது. "இது பரிசோதனைப் பிழை" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

டாக்டர் தங்கம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். சரவணன் நன்றாகவே பதில் சொன்னார். கடைசியில் வழக்கப்படி, "சபையில யாரும் கேள்வி கேக்கணும்னா கேக்கலாம்" என்றார் அம்மையார். வழக்கப்படி யாரும் கேட்க மாட்டார்கள்.

மாரீஸ்வரி எழுந்தாள். இதற்கு மேலும் ஒரு அவமானத்துக்கு என்னிடம் இடமில்லை. "உக்காரு, உக்காரு" என்று கையைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், அந்த எட்டாவது மத்தாப்பு மட்டும் ஏன் தனியா நிக்கிது?"

"அது பரிசோதனைப் பிழைம்மா" என்றார் சரவணன் பொறுமையாக.

"எட்டையும் ஒரே கலவையிலயா முக்குனீக?"

"ஆமா."

"எட்டாவதை முக்குறதுக்கு முன்னாடி எங்கனயாச்சும் போனீகளா?"

சரவணன் நினைவுபடுத்திக்கொள்கிறவர் போல மேலே பார்த்தார். "ஏழு முக்கிட்டு... மதியம் சாப்பிடப் போனேன்."

"வந்து கிண்டிவிட்டீகளா?"

சரவணன் கைக்குட்டையை மறுபடி எடுத்தார்.

"இரும்புத்தூள் கனம் சார். கிண்டாம விட்டா அடியில போயி உக்காந்துரும். மேல பசைதான் நிக்கும். அதுல முக்குனா பொறி வராது, மெதுவா எரியும். எங்கம்மா சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்தா மொத வேலையா கிண்டும். இல்லன்னா அந்தச் சட்டமே வீணுன்னு சொல்லும்." பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "அது தப்பான மத்தாப்பு இல்ல சார். சாப்பாட்டுக்கு அப்புறம் முக்குன மத்தாப்பு."

வழிகாட்டிப் பேராசிரியர் திரையில் இருந்த பழைய படத்தை மறுபடி கொண்டுவரச் சொல்லி, அந்த எட்டாவது புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் தங்கம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரோ எடுத்த ஒரு சாப்பாட்டு இடைவேளையை, அங்கே இல்லாத ஒரு பெண், ஒரு புள்ளியிலிருந்து கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளை. அவளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது போல நான் பார்த்தேன்.

"ஆறு வருசத்துல நாங்க யாருமே இதக் கேக்கல" என்றார் பேராசிரியர், தனக்குத்தானே.

டாக்டர் தங்கம் மேடையிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்தார். "உன் பேர் என்னம்மா? அடுத்து என்ன படிக்கப் போற?"

மாரீஸ்வரி பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். கேலி செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"டைப்பிங்னு சார் எழுதிக் குடுத்திருக்காக. கெமிஸ்ட்ரிக்கு எனக்குப் பொறுமை போதாதாம்."

முழு அறையும் கதவோரம் திரும்பியது. சரவணனின் மாமனார்கூட எழுந்து நின்று பார்த்தார். டாக்டர் தங்கம் பச்சை மையில் இருந்த என் கையெழுத்தைப் படித்துவிட்டு, "பொறுமை போதாதுன்னு யார் சொன்னா?" என்றார். நான் கையைத் தூக்கினேன். என் வாழ்க்கையில் நான் தைரியமாகச் செய்த ஒரே காரியம் அது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த பேச்சியம்மாளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மருந்து அடியில தங்கும்னு அவுகளுக்குத் தெரியாதா சார்?"

"தெரியல."

"ஆறு வருசமாவா?"

"ஆமா."

"அய்யோ பாவம்" என்றார் மனதார. பிறகு மகளைப் பார்த்தார். "அப்ப எம்மக போயி படிக்கட்டும் சார். அவுகளுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

ரிசல்ட் வந்ததும் வேதியியலுக்கு விண்ணப்பம் போட்டாள். நான் கூடப் போனேன். ஒவ்வொரு அறைக்கும் முன்னால் நின்று, இது எந்த அறை என்று இரண்டு பேரிடமாவது கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தேன். சரவணன் டாக்டர் ஆகிவிட்டார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி எழுதினாராம். நன்றியுரையில் பேச்சியம்மாளின் பெயரையும் சேர்த்திருக்கிறார். படிவத்தை நான் அப்புறம் யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போதும் வருடாவருடம் அந்தப் பொறுப்பு என்னுடையதுதான், ஆனால் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: "உங்க வீட்ல என்ன பேசிக்குவீங்க?" அதற்கு வரும் பதில்களைக் கேட்டு வாயடைத்துப் போய் உட்கார்ந்திருப்பதே என் முக்கால்வாசி வேலை.

என் வீட்டில்தான் நிலைமை சரியில்லை. குழம்பில் உப்பு கம்மி என்று நான் வாயைத் திறந்தால் போதும், "எக்ஸ்டர்னல் வந்துட்டாக, துண்டப் போத்துங்க" என்பாள் என் மனைவி. மூன்று வயது மகள் உடனே ஓடிப்போய் ஒரு துண்டை எடுத்து வந்து என் தோளில் போடும். விருந்தாளி முன்னாலும் இது நடக்கும்.

போன மாதம் மாரீஸ்வரி போன் செய்தாள். இப்போது அவளே ஆய்வு மாணவி. தன் ஆராய்ச்சியைப் பற்றி முதல்முறையாக ஒரு கூட்டத்தில் பேசப் போகிறாளாம்.

"அவசியம் வரணும் சார். அம்மாவும் வருது."

"கண்டிப்பா வர்றேம்மா."

"வாசல்ல யாரும் பூ குடுத்தா வாங்கிறாதீக சார்" என்றாள். "நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."