றொசானுக்குக் காயம்

இதைப் பாதிரியாரிடம் ஒரு முறை சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு அப்பால் அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குக் கேட்டது. சிரித்துக்கொண்டு கொடுத்த மன்னிப்பு செல்லுமோ தெரியாது. ஆகவே இங்கே எழுதியும் விடுகிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவனை, அவனுடைய முதல் பெரிய ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, பொய்ப் பெயரில் ஒரு புல்வெளியில் இறக்கி அவன் கணுக்காலைக் கெடுத்தவன் நான். உதைத்தது வேறொருவர். இறக்கியது நான்.

அவன் பெயர் யூலியன். என் மனைவி றெஜினாவின் தங்கை மகன். பாரிஸின் புறநகரில் பிறந்து, பன்னிரண்டு வயதிலிருந்து உதைபந்தாட்டப் பயிற்சிக்கூடங்களில் வளர்ந்தவன். அங்கே ஒரு கழகத்தின் இரண்டாம் அணியில் இரண்டு வருடம் நடுக்களத்தில் விளையாடினான். பிறகு ஜெர்மனியில் எங்கள் பக்கத்துக் கழகமொன்று அவனை ஒப்பந்தம் போட்டு எடுத்தது. தனியே விடத் தாய் சம்மதிக்கவில்லை. வுப்பர்டாலில் எங்கள் வீட்டில், என் மகன் றொசானின் பழைய அறையில் வந்து தங்கினான்.

அவனுக்கு ஜெர்மன் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தமிழில்தான் கதைத்துக்கொள்வோம். அந்தத் தமிழை அவன் தாயிடமிருந்து மட்டுமே பிடித்திருந்தான். அதனால், குதிரை மாதிரி ஓடுகிற அந்தப் பிள்ளை ஐம்பது வயது மனுஷி மாதிரிப் பேசினான். "காணும் பெரியப்பா, நெஞ்சு கரிக்குது" என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளுவான். பயிற்சி முடிந்து வந்தால் "என்ர மாதாவே" என்று கதிரையில் சாய்வான். (றெஜினாவுக்குத் தங்கையே வந்து நிற்பது போலிருந்தது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கும்.)

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன், இங்கே திருகாணித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவன். உதைபந்தில் எனக்குத் தெரிந்தது கோல் மட்டும்தான். எத்தனை கோல் போட்டிருக்கிறாய் என்று முதல் வாரமே கேட்டேன்.

"அது என்ர வேலையில்லைப் பெரியப்பா. நான் பந்தை வாங்கிக் குடுக்கிற ஆள்."

எனக்கு முகம் செத்துவிட்டது. ஜெர்மனியிலுள்ள பாதித் தமிழருக்கு ரெலிபோனில் நான் சொல்லியிருந்த கதை அதுவல்ல.

ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அடுத்த வாரச் சனிக்கிழமை ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே நீ இறங்குகிறாய் என்று பயிற்சியாளர் அவனிடம் சொல்லிவிட்டார். நடுக்களத்தில் வழமையாக விளையாடுபவருக்குத் தடை விழுந்திருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் யூலியன் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. ஏழு வருடம் காத்திருந்தது இதற்குத்தான் என்றான். றெஜினா மாதா படத்துக்கு முன் மெழுகுதிரி கொளுத்தினாள்.

நானோ வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இடையில் வந்த ஞாயிறுதான் எங்கள் ஊர்ச் சங்கங்களின் வருடாந்த உதைபந்தாட்டப் போட்டி. அந்த வருடம் எங்கள் சங்கத்துக்குத் தலைவர் நான். எங்களுக்கு முதல் ஆட்டம் எப்போதும் பக்கத்து ஊரோடு வரும். ஊரில் இரண்டுக்கும் நடுவே ஒரு மதகுதான் எல்லை. ஜெர்மனிக்கு வந்தும் அந்த மதகை நாங்கள் கைவிடவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தோம்.

அரை மணித்தியாலம் சும்மா வந்து நின்றால் போதும் என்று யூலியனைக் கேட்டேன். அவன் பயந்துபோனான்.

"வேற இடத்தில விளையாட ஏலாது பெரியப்பா. கொன்ட்ராக்டில கிடக்கு."

"அவை சொல்லுறது பெரிய மச்சுகளைத் தம்பி. இது ஊர் விளையாட்டு."

இப்படியொரு வாதத்தை வைத்தவன் பன்னிரண்டு வருடம் கணித ஆசிரியனாக இருந்தவன் என்பதை நினைத்தால் என் மாணவர்களுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் பெரியவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தாய் அவனுக்குப் பழக்கவில்லை. நடப்பேன், ஓடமாட்டேன் என்ற உறுதியோடு சம்மதித்தான்.

கழகங்களில் பதிந்த ஆட்டக்காரர்களைப் போட்டியில் சேர்ப்பதில்லை. ஆகவே யூலியன் என் மகன் றொசானாக இறங்கினான். றொசானின் அடையாள அட்டையை நானே நீட்டினேன். (உண்மையான றொசான் வரி ஆலோசகர் அலுவலகமொன்றில் வேலை செய்பவன், தடித்த கண்ணாடி போட்டவன். பஸ்ஸுக்கு ஓடுவதைவிட அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம் என்ற கொள்கைக்காரன்.) ஒரே இடத்தில் இரண்டு றொசான்கள் நிற்க முடியாதல்லவா? அவனைக் காரின் பின்னாசனத்தில் தின்ன ஒரு பெட்டி இறைச்சி றோல்ஸோடு இருத்தி, தலையைக் காட்டாதே என்று கட்டளையிட்டுவிட்டுப் போனேன்.

யூலியன் சொன்ன சொல் தவறவில்லை. நடந்தான். மரக்கறிக் கடைக்குப் போகிற மனுஷி மாதிரி நடந்தான். முதற்பாதியிலேயே எங்களுக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது. மதகுக்கு அப்பாலிருந்தவர்கள் என் பக்கம் வந்து நின்றார்கள்.

"மாஸ்ரர், உங்கட மகன் பந்தைக் கண்டால் வெக்கப்படுறார் போல."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் கோட்டுக்கு ஓடிப்போய்க் கத்தினேன்.

"றொசான், ஓடு!"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. பிறகு ஓடினான்.

பந்தை வாங்கி, திரும்பி, ஆளில்லாத இடங்களுக்கு அனுப்பினான். ஆள் வந்துசேர வேண்டிய இடம் அது. எங்கள் ஆட்களோ பந்து தங்கள் காலடிக்கு வரும்வரை நின்று பார்ப்பவர்கள். நாலைந்து தரம் அனுப்பிப் பார்த்துவிட்டு அவனுக்கே பொறுக்கவில்லை. நாலு பேரைக் கடந்து தானே கொண்டுபோய்ப் போட்டான். ஜெர்மனியில் அவன் போட்ட முதல் கோல். ஒலிபெருக்கியில் அது என் மகன் பெயரில் அறிவிக்கப்பட்டது. நான் குதித்த குதியில் செருப்பொன்று மைதானத்துக்குள் போய் விழுந்தது.

அடுத்த நிமிடமே பக்கத்து ஊரின் பின்களக்காரர், எருமை போன்றவர், பந்துக்கென்று வந்து அவன் கணுக்காலில் உதைத்தார். "என்ர மாதாவே" என்று சத்தம் கேட்டது. பெண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் தங்கள் கூட்டத்துக்குள் யார் விழுந்தது என்று தேடினார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது: "றொசானுக்குக் காயம். றொசானுக்குப் பலத்த காயம். தகப்பனார் உடனே மைதானத்துக்கு வரவும்."

நான் ஓடினேன். மறுபக்கத்தில், கழிப்பறை வரிசையிலிருந்து கையில் கடித்த றோலோடு ஒருவன் ஓடி வந்தான். காரில் நெடுநேரம் இருக்க முடியாமல் இறங்கியிருந்த என் மகன். சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, மூச்சு வாங்கியபடி கேட்டான்:

"அப்பா, எனக்கு என்ன நடந்தது?"

ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்தார்கள். நான் பதவி விலகினேன். அது பெரிய விசயமல்ல. வீட்டுக்குப் போகும்போது உறைந்த மரவள்ளிக்கிழங்குப் பைக்கற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு யூலியன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மாடிப்படியில் விழுந்ததாகக் கழகத்துக்குச் சொல் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்படியே சொன்னான். ஆறு வாரம் ஓய்வு என்றார்கள்.

சனிக்கிழமை அவனுடைய இடத்தில் வேறொருவன் இறங்கினான். முக்காலியில் காலை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் யூலியன் அதைப் பார்த்தான். அந்தப் பையன் நன்றாக விளையாடினான். யூலியன் கை தட்டினான். எழுந்து குசினிக்குள் போன நான் வெகுநேரம் வெளியே வரவில்லை.

திங்களன்று பயிற்சியாளரைச் சந்திக்க ரெர்மின் எடுத்துப் போய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். அதில் என் செருப்பு பறந்துகொண்டிருந்தது.

"இது எனக்குச் செவ்வாயே வந்துவிட்டது. அவனாகச் சொல்வானென்று காத்திருந்தேன். சொல்லவில்லை. யாரைக் காப்பாற்றினான் என்று இப்போது தெரிகிறது."

தண்டனையை எனக்குத் தாருங்கள் என்றேன். நீங்கள் என் அணியில் இல்லையே, உங்களை எப்படி வெளியே இருத்துவது என்று கேட்டார். காயம் ஆறியதும் யூலியன் ஒரு மாதம் இளையோர் அணியோடு பயிற்சி செய்தான். எனக்கு நானே ஒன்று விதித்துக்கொண்டேன். காயம் ஆறும்வரை அவனைச் சிகிச்சைக்குக் காரில் ஏற்றி இறக்கினேன். முதல் இரண்டு வாரம் "ஓம்", "இல்லை" தவிர என்னோடு அவன் பேசவில்லை. மூன்றாவது வாரம், சிவப்பு விளக்கில் நிற்கும்போது, திடீரென்று சொன்னான்:

"றொசான் அண்ணா அண்டைக்கு றோலை விடேல்லைப் பெரியப்பா. ஓடேக்கையும் கடிச்சவர்."

பச்சை விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

நவம்பர் மழையில், ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது அவனை இறக்கினார்கள். நான் கம்பளிச் சால்வையால் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவன் கோல் போடவில்லை. ஆளில்லாத இடத்துக்கு ஒரு பந்தை அனுப்பினான். அங்கே ஒருவன் வந்துசேர்ந்தான்.

இப்போது அவன் பிரான்ஸுக்கே திரும்பி, பெரிய அணியொன்றில் விளையாடுகிறான். தொலைக்காட்சியில் அவனை யாராவது விழுத்தினால், சோபாவிலிருந்து என் மகன் கண்ணாடியைச் சரிசெய்தபடி "அப்பா, எனக்கு என்ன நடந்தது?" என்பான். அங்கே முதல் ஆட்டத்தில் போட்ட சட்டையை யூலியன் எனக்கு அனுப்பியிருந்தான். றெஜினா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அதன் மேல் அவன் தாயிடம் கேட்டுத் தமிழில் எழுதியிருக்கிறான்: "பெரியப்பாவுக்கு, அன்புடன் றொசான்."

தன் பெயர் இருப்பதால் அது தன்னுடையது என்று என் மகன் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான்.