சர்க்கரை தூவும் அப்பா

நம் ஊர்களில் ஒரு வகைத் தகப்பன்மார் பெருகி வருகிறார்கள். பிள்ளையை அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். ஆகவே இவர்களைப் பிடித்துக் கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. படிப்பு என்பது விளையாட்டு மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, பிள்ளையின் விளையாட்டையெல்லாம் ஒன்று விடாமல் படிப்பாக்கி விடுவார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை ஹயாத் பாஷா இருக்கிறார்.

நல்ல மனிதர். வாத்தியாரின் பிரம்பைப் பார்த்தே வாய்ப்பாட்டை மறந்து, பத்தாவதோடு கடையில் வந்து உட்கார்ந்தவர். மகள் அப்ரினுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று நினைத்தார். நியாயமான ஆசைதானே? ஒருநாள் கைபேசியில், கோட்டுப் போட்ட ஒருவர் கையை வீசி வீசி, கற்றல் ஒரு கொண்டாட்டம் என்று பேசியதைப் பார்த்தார். அன்றோடு முடிந்தது அப்ரினின் கொண்டாட்டம்.

நாலாவது படிக்கும் அந்தப் பெண் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, எந்தக் குண்டான் எதற்குள் போகும் என்று தானாகவே போட்டு, எடுத்து, மாற்றிப் போட்டு, கச்சிதமாகப் பொருந்தும்போது எழும் 'டங்' சத்தத்துக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஹயாத் பாஷா குனிந்தார்.

"கண்ணு, இப்ப நீ பண்ணிக்கினு இருக்கியே, இதுக்குப் பேரு இன்னா தெரியுமா? கொள்ளளவு! எங்க, கைதட்டிக்கினே சொல்லு பாப்போம்."

மறுநாள் முதல் அப்ரின் குண்டானைத் தொடவில்லை.

வீட்டில் தோசை பின்னமானது. மாடிப்படி வாய்ப்பாடானது. குளியலறைக் கதவில் கோள்கள் ஏறிக்கொண்டன. சனிக்கிரகத்தைத் தள்ளித்தான் உள்ளே போக வேண்டும்.

"கால் தோச உள்ள போயிடுச்சி. மீதி எவ்ளோ?"

"பசிக்கலப்பா."

"பசிக்கலன்றது வெட கிடையாதே, கண்ணு!"

பிள்ளை முகம் சுருங்கச் சுருங்க இவருக்கு உற்சாகம் ஏறியது. கோட்டுக்காரர்தான் சொல்லியிருக்கிறாரே, கல்விப் பாதையில் தடைகளைக் கண்டு தளரக் கூடாதென்று. ஹயாத் பாஷா தளரவேயில்லை. தான் விடாமல் ஏறி மிதித்துக்கொண்டிருக்கும் தடைக்குப் பெயர் அப்ரின் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஜீப்பில் மலைமேல் இருக்கும் கரியாலூர் அருவிக்குக் கிளம்பினார்கள். உல்லாசப் பயணம் என்றுதான் மனைவி ஷாஜாதி நம்பியிருந்தாள். வழியில் தென்பட்ட குரங்கு பாலூட்டியானது, பாறை கனிமமானது. பாதி மலையில் அப்ரின் வெகுநாள் கழித்து வாயைத் திறந்தாள்.

"யப்பா, மல ஏற ஏற காது ஏன் அடைக்குது?"

"அது அப்புறம். இந்த வளைவு குறுங்கோணமா, விரிகோணமா? அதச் சொல்லு மொதல்ல."

கேள்வி கேட்பது அவர் வேலை. பிள்ளை குறுக்கே புகுந்து அதைப் பறிக்கலாமா?

அருவிச் சத்தம் கேட்டது. "எறங்கின ஒடனே தண்ணியப் பத்தி பாட்டுப் போட்டி!" என்று அறிவித்தார். அப்ரின் ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றுகிறதாம்.

"இன்னாங்க, தண்ணியில கால வெக்கறதுக்குக்கூட பரிச்ச வெச்சா புள்ள எப்பிடி எறங்கும்?" என்றாள் ஷாஜாதி.

"உனக்கு இந்தக் காலத்துப் படிப்பு புரியல."

அருவி வரைக்கும் போய், ஒரு சொட்டு நனையாமல் திரும்பிய குடும்பம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பு ஆசிரியை தனுஷா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அப்ரின் முன்னெல்லாம் நிறைய சந்தேகம் கேப்பாங்க. இப்ப கேக்கறதே இல்ல சார்."

ஹயாத் பாஷாவுக்கு நெஞ்சு விம்மியது. "எல்லாம் புரிஞ்சி போயிருக்கும் டீச்சர்! வூட்ல நாம அப்பிடி சொல்லிக்குடுக்கறோம்."

"இல்ல சார். நானே கூப்ட்டு விசாரிச்சேன். 'கேட்டா எங்கப்பா அதுக்கு ஒரு பாட்டு கட்டிடுவாரு மிஸ்'னு சொல்றாங்க."

பக்கத்து நாற்காலியில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். ஹயாத் பாஷா வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். பிரம்பைப் பார்த்து நடுங்கிய காலத்தில்கூட அவர் பள்ளியைவிட்டு இவ்வளவு வேகமாக வந்ததில்லை. அன்று ராத்திரி தோசையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்ரின் முதல் வாயை அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மென்றாள். ஆபத்து வரவில்லை. இரண்டாம் தோசை போட்டுக்கொண்டாள். வெளியே தூறல் விழுந்தது.

"யப்பா, மழ பேஞ்சா மண்ணு ஏன் வாசன அடிக்குது?"

ஹயாத் பாஷா யோசித்தார். வாயில் பாட்டு வரவில்லை.

"தெரியலையே கண்ணு."

"ஐய, உங்களுக்கும் தெரியாதா!" அப்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். தட்டை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து, தோள் இடிக்க உட்கார்ந்தாள். எத்தனை மாதமாயிற்று அவள் இப்படி ஒட்டி உட்கார்ந்து! வேர் வாசனையா, புழு வாசனையா என்று அவளே ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். அவர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கியது.

இங்கே நிறுத்தியிருந்தால் அவர் இந்தத் தகப்பன்மார் இனத்திலிருந்தே விலகியிருப்பார். ஆனால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்க் கைபேசியை எடுத்தது.

"நல்ல கேள்வி கண்ணு! இத வெச்சி ஒரு விளையாட்டு..."

அப்ரின் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

"இப்ப திருப்தியா?" என்றாள் ஷாஜாதி.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'நல்ல கதை, நம்ம பிள்ளைக்கும் படித்துக்காட்டி, கடைசியில் சின்னதாக ஒரு வினாடி வினா வைக்கலாம்' என்று உங்களுக்குத் தோன்றியதா? உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை பாவம்.